மலைப்பகுதி நர்சிங் பள்ளியில் குறைந்த செலவில் சிமுலேஷன் பயிற்சி: பிரசவ ரத்தப்போக்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சிமுலேஷன் பயிற்சி, அதாவது நிஜ நெருக்கடியைப் போலவே நடித்துப் பழகும் பயிற்சி, தொடங்கலாம் என்று ஒரு நர்சிங் பள்ளியில் பேச்சு எழுந்ததும் முதலில் நடப்பது, நோயாளி வடிவப் பயிற்சிப் பொம்மைக்கு விலை கேட்பது. விலைப்பட்டியலைப் பார்த்ததும் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும். எங்கிருந்தாவது பணம் கிடைத்துப் பொம்மை வந்துவிட்டாலும் அது கண்ணாடி அலமாரிக்குள் போய், ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் வெளியே வரும். உண்மையில் பொம்மை கடைசியாக யோசிக்க வேண்டிய விஷயம். குறிக்கோள், சூழல், நடிப்பவர், பயிற்சி முடிந்த பிறகு நடக்கும் உரையாடல் ஆகியவை ஒழுங்காக அமைந்தால் பழைய பி.பி. கருவியும் சோள மாவும் போதும்.

நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் படித்து இங்கேயே வேலைக்குப் போகும் மாணவிகளை மனத்தில் வைத்து, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிமிடக்கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை இது. ஆனால் ஒரு நர்ஸ் உடனே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. வார்டில் இது நேரும்போது மாணவியை ஓரமாக நிற்கச் சொல்லிவிடுவார்கள் என்பதால், அவள் கையால் செய்து பழக வேறு வழி இல்லை.

1. ஒரு பயிற்சிக்கு ஒரு குறிக்கோள்

“ரத்தப்போக்கைக் கையாளத் தெரிய வேண்டும்” என்பது பாடத் தலைப்பு, குறிக்கோள் ஆகாது. “ரத்தம் 500 மில்லியைத் தொடுவதற்குள் கவனித்து, ஆள் அழைத்து, கருப்பையைத் தேய்த்து இறுகச் செய்து, அதை இறுகவைக்கும் மருந்தான ஆக்ஸிடோசினைக் கொடுத்திருக்க வேண்டும்” என்று எழுதினால், நடந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும்.

அந்தக் குறிக்கோளிலிருந்து ஏழெட்டு வரிகளில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரியுங்கள். மருந்து அளவுகளை உங்கள் மருத்துவமனை பின்பற்றும் நெறிமுறையிலிருந்து எடுங்கள். பாடப்புத்தகத்தில் ஒன்றும் லேபர் வார்டுச் சுவரில் வேறொன்றும் இருந்தால் மாணவி குழம்புவாள். முரண்பாட்டைப் பயிற்சிக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தீர்த்துவிடுங்கள்.

அளவைக் குறிக்கோளிலேயே சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. 2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தை அளந்தார்கள். அளவு மீறியதும் கருப்பையைத் தேய்த்தல், ஆக்ஸிடோசின், ரத்தம் உறைந்து நிற்க உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப், ரத்தப்போக்கின் காரணத்தைப் பரிசோதித்தல் என எல்லாவற்றையும், ஒன்று பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒரே தொகுப்பாகத் தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை சிகிச்சை, மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. மருந்துகள் எல்லாம் பழையவைதான். சரியான நேரத்தில் கண்டுபிடித்ததும் சேர்த்துக் கொடுத்ததும்தான் மாற்றம்.

2. மாணவி வேலை செய்யப்போகும் இடத்தை எழுதுங்கள்

இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் கதைகளில் “ரத்த வங்கியை அழை, மகப்பேறு நிபுணர் இரண்டு நிமிடத்தில் வருவார்” என்று இருக்கும். அதை அப்படியே எடுத்தால், நம் மாணவி இல்லாத ஒருவரை அழைத்துப் பழகுவாள்.

இப்படி எழுதிப் பாருங்கள்: பந்தலூர் வட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஆடி மாத இரவு, விடாத மழை. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து வந்த 24 வயதுப் பெண், இரண்டாவது பிரசவம். குழந்தை பிறந்து இருபது நிமிடம் ஆகிறது. பிறந்தவுடன் தடுப்பாகத் தரும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் போட்டாகிவிட்டது, நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. பணியில் இரண்டு நர்ஸ்கள், ஓர் உதவியாளர். டாக்டர் போனில் கிடைப்பார். 108-ஐ அழைத்தால், வழியில் மரம் விழுந்திருப்பதால் தாமதமாகும் என்று பதில் வரும்.

அந்தத் தாமதத்தை வெறும் அலங்காரமாகச் சேர்க்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது, ஊட்டியா, பக்கத்துக் கேரளத்தின் சுல்தான் பத்தேரியா, எங்கே அனுப்புவது, போனில் டாக்டரிடம் எதை முதலில் சொல்வது என்பவை இங்கே நர்ஸின் தலையில் விழும் முடிவுகள்.

இன்னொன்று, மலைக்கே உரியது: கம்பளி. குளிருக்குப் பயந்து உறவினர்கள் பிரசவித்த பெண்ணைக் கழுத்துவரை போர்த்திவிடுவார்கள். சமவெளியில் கண்ணில் படும் ரத்தம் இங்கே போர்வைக்கடியில் சத்தமில்லாமல் சேரும். அதனால் பயிற்சியில் கட்டாயம் கம்பளி இருக்கட்டும். மாணவி அதைத் தூக்கிப் பார்க்கிறாளா என்பது உங்கள் பட்டியலின் முதல் வரி. பார்த்த பிறகு மறுபடி போர்த்த வேண்டும் என்பதும் பட்டியலில் இருக்கட்டும். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது மந்தமாகி, போக்கு இன்னும் கூடும்.

3. தனித்திறன்களை முன்பே கற்பித்துவிடுங்கள்

கேனுலா (டிரிப் ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) போடத் தெரியாத மாணவியை நெருக்கடிக்குள் தள்ளினால், அவள் கற்றுக்கொள்வது தன்னால் முடியாது என்பதை மட்டும்தான். சிமுலேஷன் என்பது தெரிந்த திறன்களை நெருக்கடியில் ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தும் இடம். எனவே முந்தைய வாரமே கேனுலா, கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்), ஊசி, கருப்பையைத் தேய்க்கும் முறை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பழக்குங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையை இறுக விடாது என்பதால் கதீட்டரை விட்டுவிடக் கூடாது.

ரத்தத்தின் அளவைக் கண்ணுக்குப் பழக்குவதும் முன்வேலைதான். சாயம் கலந்த தண்ணீரை 100, 300, 500 மில்லியாக அளந்து ஒரு பேடிலும், மடித்த சேலையிலும், கம்பளியிலும், சிமெண்ட் தரையிலும் ஊற்றி வையுங்கள். எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லோரும் குறைத்தே எழுதுவார்கள், அதிலும் கம்பளியில் ஊறியதைப் பாதியாக மதிப்பிடுவார்கள். பிறகு சமையலறைத் தராசில் உலர்ந்த துணியையும் நனைந்த துணியையும் எடை போட்டுக் காட்டுங்கள். கூடுதலான ஒவ்வொரு கிராமையும் ஒரு மில்லி என்று கொள்ளலாம். இந்த ஒரு மணி நேரம் எந்த விரிவுரையையும்விட நன்றாக நிற்கும்.

4. பொருட்கள்

நார்வேயின் லேர்டல் நிறுவனம் தயாரிக்கும் மாமா நேட்டலி என்ற மாதிரியை நடிப்பவர் வயிற்றில் கட்டிக்கொண்டு, உள்ளே ரத்தத்தையும் கருப்பையின் இறுக்கத்தையும் கட்டுப்படுத்துவார். விலையுயர்ந்த கணினிப் பொம்மைகளைவிட எளிமையானது; ஏழை நாடுகளின் பயிற்சிகளில் நிறையப் பயன்படுகிறது. கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதே தத்துவத்தில் நாமே செய்துகொள்ளலாம்.

கருப்பை: கழித்துக்கட்டிய பி.பி. கருவியின் ரப்பர் பையையும் காற்றழுத்தும் குமிழையும் எடுங்கள். ரப்பர் பையைச் சுருட்டிப் பஞ்சு சுற்றி, ஒரு துணிப்பையில் போட்டுத் தைத்துவிடுங்கள். நடிப்பவர் தொப்புளுக்குக் கீழே அதைக் கட்டிக்கொண்டு, குமிழைக் கம்பளிக்கடியில் கையில் வைத்திருப்பார். காற்றில்லாதபோது தொளதொளவென்று இருக்கும். மாணவி சரியாகத் தேய்த்தால் அவர் மெல்லக் காற்றடிப்பார்; கைக்குக் கீழே பை இறுகி உருண்டையாகும். தேய்ப்பதை நிறுத்தினால் காற்றைத் திறந்துவிடுவார். விரலுக்கடியில் அந்த மாற்றத்தை உணரும் மாணவியின் முகத்தைப் பார்த்தால், இதற்காகப் பட்ட பாடு வீண் இல்லை என்று தெரியும்.

ரத்தம்: தண்ணீரில் கொஞ்சம் சோள மாவைக் கரைத்துக் காய்ச்சி, சிவப்பு உணவுச் சாயமும் சில சொட்டு காபி டிகாஷனும் சேருங்கள். டிகாஷன் இல்லாவிட்டால் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும், யாரும் நம்ப மாட்டார்கள். அன்று காலையிலேயே செய்து வடிகட்டுங்கள். முந்தைய இரவு செய்தால் ஊட்டிக் குளிரில் கூழாகி உறைந்துவிடும். ரத்தக் கட்டிகளுக்குக் கடற்பாசியை (அகர் அகர்) காய்ச்சிச் சாயம் சேர்த்து ஆறவிட்டுக் கிள்ளிப் போடலாம்.

ரத்தப் பை: பயன்படுத்தாத யூரோ பேக் (சிறுநீர் சேரும் பை) ஒன்றில் நிரப்பி வயிற்றின் மேல் வைத்து, குழாயைத் தொடைகளுக்கிடையே கொண்டுவாருங்கள். நிறுத்தவும் திறக்கவும் ஓர் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (குழாயை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) போதும். ஐ.வி. செட்டின் சன்னக் குழாயை நம்பாதீர்கள், மாவுக் கலவை அடைத்துக்கொள்ளும். நடிப்பவர் உள்ளே நீர்புகாத பேண்ட் அணிந்து, கட்டிலில் ரப்பர் ஷீட்டும் இருக்கட்டும். உணவுச் சாயக் கறை லேசில் போகாது. பழைய விரிப்புகளையே எடுங்கள்.

மருந்துகள்: காலி ஆம்பூல் பெட்டிகளும் தண்ணீர் நிரப்பிய குப்பிகளும். ஒவ்வொன்றிலும் “பயிற்சிக்கு மட்டும்” என்ற ஒட்டுச்சீட்டு இருக்க வேண்டும். ஆக்ஸிடோசினை, “ஃபிரிட்ஜ்” என்று எழுதி ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டிக்குள், கட்டிலிலிருந்து தள்ளி வையுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. அதை எடுத்துவர யாரையாவது அனுப்ப வேண்டும் என்ற நினைப்பு மாணவிக்கு வர வேண்டும். டிரேயில் தயாராக வைத்துக் கொடுத்தால் அந்த நினைப்பு வராது. கேனுலாவை நடிப்பவரின் கையில் குத்தக் கூடாது. முன்கையில் கட்டிய ஸ்பாஞ்சுத் துண்டில் குத்தட்டும்.

5. நடிப்பவரைத் தயார் செய்தல்

மூத்த மாணவியோ, ஓய்வுபெற்ற கிராம சுகாதார நர்ஸோ நன்றாகச் செய்வார்கள். அதே வகுப்புத் தோழி வேண்டாம். இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். நடிப்பவரின் சம்மதத்தைக் கேளுங்கள். அண்மையில் பிரசவித்தவரையோ, குழந்தையை இழந்தவரையோ இந்த வேடத்துக்கு அழைக்காதீர்கள்.

அவருக்குத் தேவை வசனம் இல்லை, நிலைமாற்றங்கள். முதல் மூன்று நிமிடம் “குளிருது அக்கா” என்று மட்டும் முனகுவார். பிறகு தாகம், பதற்றம். மருந்து தாமதமானால் பேச்சு குழறும். கூடவே மாமியார் வேடத்தில் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது: “பிள்ளை பெத்தா ரத்தம் போகத்தான் செய்யும்” என்று சொல்லிக் கம்பளியை இழுத்துப் போர்த்துவார். பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடிக் குடும்பங்கள் அதிகமுள்ள கூடலூர், பந்தலூர் பக்கம் வேலைக்குப் போகும் மாணவிகளென்றால், அந்த மொழி பேசும் ஒருவரை நடிக்க அழைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட மாணவி உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அன்று அவளே மற்றவர்களுக்கு ஆசிரியை.

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தத்தைக் கருவி காட்டாது; அட்டையில் எழுதி, மாணவி உண்மையில் அளந்த பிறகே காட்டுங்கள். தொடக்கத்தில் துடிப்பு 88, பி.பி. 116/74. 500 மில்லியில் துடிப்பு 104, பி.பி. 110/70. 900-ஐத் தாண்டினால் 124, 90/60. இளம்பெண்ணின் உடல் கடைசிவரை ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், துடிப்புதான் முதலில் ஏறும். துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்தால் 0.9-க்கு மேல் போவது எச்சரிக்கை என்பதை இந்த எண்களே கற்பிக்கும். அவசரத்தில் தோன்றிய எண்ணைச் சொன்னால் இந்தப் பாடமே கெட்டுப்போகும்.

6. தொடங்குமுன் பத்து நிமிடம்

எது நிஜம், எது பாவனை என்று அறையைச் சுற்றிக் காட்டுங்கள். போன் எங்கே, மருந்து எங்கே, எதில் ஊசி குத்தலாம் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மாணவி பொருளைத் தேடி அலைந்தால், அவள் யோசிக்கத் தெரியாமல் திணறினாளா, ஃபோர்செப்ஸ் இருக்கும் இடம் தெரியாமல் திணறினாளா என்று உங்களுக்கே புரியாது.

மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். இதற்கு மதிப்பெண் இல்லை. இங்கே நடந்தது விடுதிக்குப் போகக் கூடாது; யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது. “நிறுத்துங்கள், இது நிஜம்” என்று யார் சொன்னாலும் அந்த நொடியில் நிற்கும். நடிப்பவருக்கு உண்மையிலேயே மயக்கம் வந்தால் அது நடிப்பு என்று எண்ணிவிடக் கூடாது அல்லவா?

7. பயிற்சியின் ஓட்டம்

மூன்று அல்லது நான்கு பேர் உள்ளே, மற்றவர்கள் சுவரோரம். பார்ப்பவர்களுக்கும் வேலை கொடுங்கள்: ஒருத்தி நேரம் குறிக்கட்டும், ஒருத்தி யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று எழுதட்டும். வேலையில்லாத பார்வையாளர்கள் கிசுகிசுப்பார்கள்.

எட்டு முதல் பத்து நிமிடம் போதும். இந்த நேரத்தில் டியூட்டர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். மாணவி தவறு செய்யும்போது கை துறுதுறுக்கும். முன்னால் போய் வயிற்றில் கை வைத்துக் காட்டிவிடுவார்கள். அந்த நொடியில் சிமுலேஷன் முடிந்து, செய்முறை விளக்கம் ஆரம்பித்துவிடும். உதவ வேண்டுமென்றால் கதைக்குள்ளிருந்து உதவுங்கள்: நடிப்பவர் “ஈரமா இருக்கு அக்கா” என்று சொல்லட்டும், போனில் டாக்டர் “எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது?” என்று கேட்கட்டும்.

அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருமே ஒரே நேரத்தில் “டிரிப் போடுங்கள்” என்பார்கள். யாரும் போட மாட்டார்கள். பெயர் சொல்லி வேலை கொடுப்பதும், கேட்டவர் திருப்பிச் சொல்வதும் பழக்கத்தில் வர வேண்டியவை. உடனே குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் தாயைச் சாகடிக்காதீர்கள். அதன் பிறகு மாணவிகளுக்கு வேறெதுவும் மனத்தில் நிற்காது. 108 வந்து சேர்ந்து, மாணவி நோயாளியை ஒப்படைத்துப் பேசுவதோடு நிறுத்துங்கள்.

8. பின்னுரையாடல்

ஓட்டத்துக்கு எவ்வளவு நேரமோ அதைப்போல் இரண்டு மடங்கு இதற்கு ஒதுக்குங்கள். மணி அடித்துவிட்டது, சாப்பாட்டு நேரம் என்று பலர் விடுவது இதைத்தான். கற்பது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. நேரம் போதாது என்றால் ஓட்டத்தைச் சுருக்குங்கள்.

வட்டமாக, எல்லோரும் ஒரே உயரத்தில் உட்காருங்கள். ரத்தக் கறையும் கட்டிலும் கண்ணில் படாத இடமாக இருந்தால் நல்லது. முதல் சில நிமிடம் படபடப்பு அடங்கட்டும்: “எப்படி இருந்தது?” அதன்பின் என்ன நடந்தது என்று வரிசையாக அவர்களே சொல்லட்டும். நேரம் குறித்தவளின் தாள் இங்கே உதவும். “ரொம்ப நேரம் ஆகிவிட்டது” என்பதற்கும் “கம்பளியைத் தூக்க நான்கு நிமிடம் ஆனது” என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

“ஏன் அதைச் செய்யவில்லை?” என்று கேட்டால் நம் மாணவிகள் தலையைக் குனிந்து “சாரி மேடம்” என்பார்கள். அத்தோடு கதவு மூடிவிடும். நீங்கள் பார்த்ததைச் சொல்லி, அவள் நினைத்ததைக் கேளுங்கள்.

“துடிப்பு 104 என்று நீ சத்தமாகச் சொன்னாய். அடுத்து குழந்தையைப் பார்க்கப் போனாய். அந்த 104-ஐக் கேட்டதும் உனக்கு என்ன தோன்றியது?”

“பி.பி. நன்றாக இருந்தது மேடம். அதனால் பயமில்லை என்று நினைத்தேன்.”

இந்தப் பதில் கிடைத்துவிட்டால் பயிற்சி பலித்துவிட்டது. அவள் சோம்பேறியும் இல்லை, கவனமில்லாதவளும் இல்லை. ரத்த அழுத்தம்தான் முதலில் குறையும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். திருத்த வேண்டியது அந்த நம்பிக்கையை. “கவனமாக இரு” என்று அறிவுரை சொல்லியிருந்தால் அது வெளியே வந்தே இருக்காது.

கேள்வி கேட்டபின் அமைதி நிலவினால் பொறுங்கள். பத்து நொடி மௌனம் டியூட்டருக்குத்தான் நீளமாகத் தெரியும். எல்லாத் தவறுகளையும் பேச முயலாதீர்கள்; குறிக்கோளோடு தொடர்புடைய இரண்டு போதும். கடைசியில் ஒவ்வொருத்தியும் அடுத்த முறை செய்யப்போகும் ஒரு காரியத்தைச் சொல்லட்டும். “நன்றாகப் படிப்பேன்” என்பதை ஏற்காதீர்கள்.

9. அன்றே இன்னொரு முறை, பிறகு அடிக்கடி

உரையாடல் முடிந்ததும் அதே கதையை அதே குழு மறுபடி செய்யட்டும். தவறோடு வீட்டுக்குப் போகும் மாணவிக்குத் தவறுதான் நினைவில் இருக்கும்.

பிறகு தவணைக் கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை பெரிய பயிலரங்கு வைத்து, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்து முடிப்பதால் பெரிய பயன் இல்லை. தான்சானியாவின் ஹைடம் மருத்துவமனையில், பிறந்த குழந்தையை மூச்சுவிடச் செய்யும் “ஹெல்பிங் பேபீஸ் பிரீத்” பயிற்சியை ஒருநாள் வகுப்பாக நடத்தினார்கள். பொம்மையிடம் செய்வதில் முன்னேற்றம் தெரிந்தது. பிரசவ அறையில் நிஜக் குழந்தைகளிடம் மாறவில்லை. பின்னர் வேலையிடத்திலேயே குறுகிய பயிற்சிகளை அடிக்கடி நடத்தியபோதுதான் முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது.

ஆகவே லேபர் வார்டுக்குப் பக்கத்து அறையில் பொருட்கள் இருக்கட்டும். வாரம் ஒரு நாள், பணி மாறும் நேரத்தில் பதினைந்து நிமிடம் போதும். வார்டு சிஸ்டர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவி கற்ற முறையும் வார்டில் நடக்கும் முறையும் வேறாக இருந்தால் மாணவிதான் தோற்பாள். சிஸ்டர்கள் முதலில் தயங்குவார்கள், மாணவிகள் முன் தவறு செய்ய யாருக்கும் விருப்பமிருக்காது. முதல் சில வாரம் அவர்களுக்கு மட்டும் தனியாக நடத்துங்கள்.

10. பொருட்களைத் திரும்ப வைத்தல்

இதைச் சில்லறை வேலை என்று முதலாண்டு மாணவியிடம் விட்டுவிடாதீர்கள். 2014-இல் அமெரிக்காவில், பயிற்சிக்கென்று தயாரித்த உப்புநீர்ப் பைகள் தவறுதலாகச் சிகிச்சை மையங்களுக்குப் போய் நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டன. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பெற்றார்கள், பலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தன. வார்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சி வைப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் நெருக்கம்.

பயிற்சிப் பொருட்களுக்குத் தனி இரும்புப் பெட்டி, தனிப் பூட்டு. தண்ணீர்க் குப்பிகள் எத்தனை வெளியே வந்தன என்று மூடியின் உட்புறம் எழுதி, அத்தனையும் திரும்பிய பிறகே அறையை விட்டுக் கிளம்புங்கள். ஒன்று குறைந்தாலும் வார்டு டிரேக்களைப் பார்த்துவிடுங்கள். பயன்படுத்திய ஊசிகள் வழக்கமான கூர்பொருள் டப்பாவுக்குப் போகட்டும். ரப்பர் பையைக் கழுவி, மழைக்காலத்தில் அடுப்படிச் சூட்டில் நன்றாக உலர்த்தியே பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.